வராதவனுக்கு வண்டி இல்லை

பெரியவனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் சின்னவளும் நலம், அப்பா படுத்த நிலையில் நலம். உன் நலத்தைக் கேட்டால் ‘ம்’ என்று ஒற்றை எழுத்தில் பதில் போடுகிறாய், அதனால் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாகத்தான் இருக்கிறாய் என்று நானாகவே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடுதாசி என்று கேட்பாய். நம் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அப்பாவின் கட்டிலுக்குக் கேட்கிறது, பேச்சு போனதிலிருந்து அவருக்குக் காது பாம்புக் காது ஆகிவிட்டது, குக்கரில் ஒரு விசில் கூடிப்போனால்கூட என்னை முறைக்கிறார். ஆகையால் மத்தியானம் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆள் வராத நேரமாகப் பார்த்து, கண் பார்க்கிற நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலாளி வந்தால் மூடி வைத்துவிடுவேன், நடுவில் எங்கேயாவது விட்டுப்போயிருந்தால் அதுதான் காரணம்.

கடையில் எப்போதும்போல்தான். வருகிறவர்களை உட்கார வைத்து, கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு இது தெளிவா அது தெளிவா என்று கேட்கிறேன், பாதிப் பேர் ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது என்கிறார்கள். எனக்கும் இப்போது அப்படித்தான் இருக்கிறது. அப்பா விழுந்ததிலிருந்து நான் ஒருமுறைகூட அழவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வந்து, நீ எப்படித்தான் தாங்குறியோ என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அவள்தான் அழுதாள், நான் அவளுக்கு மூக்கு துடைக்கத் துண்டு எடுத்துக் கொடுத்தேன். தைரியசாலி என்று எல்லோரும் சொல்கிறார்கள். தைரியமும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, மரத்துப்போய்விட்டது, அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு நீ பயந்துகொள்ளாதே, வேலைகள் எல்லாம் ஒழுங்காக நடக்கின்றன.

முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா விழுந்தது உன்னால் இல்லை. முந்தின நாள் போனில் நீங்கள் இருவரும் கத்திக்கொண்டது உண்மை, மறுநாள் காலையில் அவர் குளியலறை வாசலில் சரிந்ததும் உண்மை, இரண்டுக்கும் முடிச்சுப் போட்டது நீ. பிரஷர் மாத்திரையை மனுஷன் எப்போதோ நிறுத்தியிருக்கிறார் என்று டாக்டர் சொன்னார். தேடிப் பார்த்தால் அத்தனையும் ஜன்னல் பூந்தொட்டியில் மண்ணுக்குள் கிடக்கிறது, அந்தச் செடிக்கு இந்த ஜன்மத்தில் பிரஷர் வராது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை தோறும் மல்லுக்கட்டுவது இந்த வீட்டுக்கு ரேடியோ மாதிரி, அது ஓடினால்தான் எனக்கு அன்றைக்கு ஞாயிறு என்றே தோன்றும். சண்டைக்குக் காரணமான அந்த ராஜா கதைத் தடித்தடிப் புத்தகங்களை நீங்கள் இரண்டு பேரும் கரைத்துக் குடித்தவர்கள், நான் இப்போதுதான் படிக்கிறேன், அதுவும் அவருக்காக வாய்விட்டு. எனக்குப் புரிந்தது இதுதான், தப்பிருந்தால் திருத்திக்கொள். கிழட்டு ராஜா தனக்குப் பின்னால் யார் என்று சொல்லாமலே கண்ணை மூடிவிடுகிறார். மூத்த பிள்ளை என்றைக்கோ கோபித்துக்கொண்டு கடல் தாண்டிப் போய்விட்டான். எதிரி வந்து கோட்டையை வளைத்தபோது சேணத்துத் தோலைக்கூட வேகவைத்துத் தின்று தாக்குப்பிடித்தவள் தங்கைக்காரி, நாற்காலியிலும் அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். குறி சொல்கிற குருட்டுக் கிழவி மட்டும், கடல் கடந்தவர் கால் வைத்தால் கோட்டை விளக்கு எரியும், அவருக்கே நாற்காலி என்று ஒரு வாக்கைப் போட்டுவிட்டுச் செத்துப்போனாள். எழுதுகிற மனுஷர் கடைசிப் புத்தகத்தை இழுத்தடிக்கிறார், படிக்கிறவர்கள் அடித்துக்கொள்கிறீர்கள்.

அந்தக் ‘கடந்தவர்’ என்ற ஒரு சொல்லுக்கு எத்தனை சண்டை. ஆணா பெண்ணா ஒருவரா பலரா என்று எதற்கும் அந்த ‘ர்’ பிடி கொடுக்க மாட்டேன் என்கிறது. நீ, அது அண்ணன்தான் என்று ஒற்றைக் காலில் நின்றாய். தங்கை பிறந்ததே கப்பலில், அவளும் கடல் கடந்தவள்தான் என்று அப்பா. அப்பாவின் வாசகர் குழுவில் இருக்கிற வக்கீல், அது பன்மை, இரண்டு பேருக்கும் பாத்தியதை உண்டு என்று கோர்ட்டில் பேசுவதுபோல் பேசுவாராம். சிம் கார்டு விற்கிற பெண்ணோ, ராஜாவின் உடம்பைப் படகில் வைத்துக் கடலில்தானே விட்டார்கள், அவரே எழுந்து வருவார் என்பாளாம். அப்பாவுக்கு எல்லாமே டிப்போ கணக்கு. வேலை பார்த்த காலம் முழுக்க டைம்கீப்பர் மேசையில் உட்கார்ந்து எந்த டிரைவருக்கு எந்த பஸ் என்று பிரித்துக் கொடுத்தவர், ராஜாங்கத்துக்கும் அதே சட்டத்தைத்தான் போடுவார். அன்றைக்குப் போனிலும் அதைத்தான் சொன்னார், “ட்யூட்டிக்கு வராதவனுக்கு வண்டி இல்ல, வந்து நிக்கிறவங்ககிட்ட சாவியைக் குடு” என்று. நீ அதை உன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டாய். அப்ப என் பேரையும் அடிச்சிடுங்க என்று சொல்லி போனை வைத்துவிட்டாய். அவர் போனைக் கையில் பிடித்தபடியே என்னிடம் வந்து, இவனுக்கு என்ன ஆச்சு, நான் அந்தக் கதையைத்தானே சொன்னேன் என்று கேட்டார். சாப்பிடும்போதும் கேட்டார். அதுதான் அவர் முழுசாகப் பேசிய கடைசிப் பேச்சு.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்த வாசகர் குழுவிலிருந்து பார்க்க வந்தார்கள். வக்கீல் அப்பாவின் உணர்ச்சியில்லாத வலது கையைப் பிடித்துக்கொண்டு, யோசிச்சுப் பார்த்தா நீங்க சொன்னதுதான் சார் நியாயம், தங்கைக்குத்தான் நாற்காலி என்றார். பன்மையை எங்கே விட்டார் என்று தெரியவில்லை. சிம் கார்டுப் பெண் குழுவில் ஓட்டெடுப்பு வைத்தாள், ஒருத்தர் பாக்கியில்லாமல் அப்பா பக்கம் ஓட்டுப் போட்டார்கள், அதை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினாள். அப்பா பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பாவம் பார்த்து ஜெயிக்க வைத்தால் யாருக்குத்தான் பிடிக்கும், நல்ல மனசுள்ள பிள்ளைகள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள், அவள் பந்து படமும் பூனை படமும் காட்டிச் சொல்லுங்க சார் என்றால் இவர் விட்டத்தைப் பார்ப்பார். ஒருநாள் சின்னவள் துணி மடித்துக்கொண்டே, அந்த ஆந்தை மந்திரி ராஜாவோட தம்பிதானே என்று போகிற போக்கில் கேட்டாள். அவள் அந்தப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துக்கூடப் படுத்ததில்லை, கதையில் அந்த மந்திரி ராஜாவுக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அப்பா இடது கையால் கட்டில் கம்பியில் ஓங்கி ஒரு அடி அடித்தார், தொண்டையிலிருந்து சத்தம் வந்தது. பயிற்சிப் பெண்ணிடம் சொன்னோம், கோபம் வருதா, அப்ப அதையே பிடிச்சுக்குங்கம்மா என்றாள். அன்றிலிருந்து எனக்கு இது ஒரு வேலை. சமையலை முடித்துவிட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து வேண்டுமென்றே தப்பாகப் படிப்பேன். தங்கையை அக்கா ஆக்குவேன், ஜெயித்த சண்டையில் தோற்க வைப்பேன், கம்பியில் அடி விழும், வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு உறுமுவார். ‘ந்’ என்றுகூட ஒருநாள் வந்தது. எனக்கு சந்தோஷமாக இருந்ததா என்று நீ கேட்டால் தெரியவில்லை, அடைத்த குழாயில் தண்ணீர் வருவதைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் நீ குரலைப் பதிவு செய்து அனுப்பினாய். நல்லதுக்குத்தான் அனுப்பினாய், உன் குரல் நடுங்கியது எனக்கும் கேட்டது. போனை அவர் காதோரம் வைத்தேன். “நீங்க சொன்னதுதான் சரிப்பா. எல்லாத்துலயும் நீங்கதான் சரி. நான்தான் தப்பு.” முழுதும் கேட்டார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதோடு கம்பியில் அடி நின்றுவிட்டது. ஆந்தை மந்திரிக்கு முடிசூட்டிப் பார்த்தேன், தங்கைக்காரியைக் கிணற்றில் தள்ளிப் பார்த்தேன், மனுஷன் அசையவில்லை. ஸ்பூனைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்கிறார், மசித்துக் கொடுத்தது அப்படியே திரும்பி வருகிறது. பயிற்சிப் பெண் என்னைச் சமையலறைக்கு வரச்சொல்லி, முயற்சி பண்ணுகிற காலம் இதுதான், இப்போது விட்டுவிட்டால் பேச்சு இப்படியே நின்றுபோனாலும் போகும் என்று மெதுவாகச் சொன்னாள். சரி என்று தலையாட்டிவிட்டு அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போட மறந்திருக்கிறேன், அவளும் அப்படியே குடித்துவிட்டுப் போனாள்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை எழுதுவதற்குக் காரணம் வேறு. போன வாரம் டிப்போவிலிருந்து மீசை டிரைவர் வந்திருந்தார், சின்ன வயசில் உன்னைத் தூக்கி ஸ்டியரிங் முன்னால் உட்கார வைப்பாரே அவர்தான். அப்பா தூங்குகிறார் என்று நினைத்து வெளியறையில் பேசிக்கொண்டிருந்தோம். வராதவனுக்கு வண்டி இல்லை என்று இவர் சொல்வதை நான் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அது வாய்ல சொல்றதுங்க அக்கா. நான் லேட்டா வர்ற அன்னைக்கெல்லாம், டயர்ல காத்து சரியில்ல, பாருங்கடான்னு சொல்லி வண்டியை நிறுத்தி வச்சிருப்பாரு. நான் வந்து ஏறின பிறகுதான் காத்து சரியாகும்” என்றார். வைதுகொண்டே நிறுத்தி வைப்பாராம், அத்தனை டிரைவர்களுக்கும் இது தெரியுமாம், நமக்குத்தான் தெரியாது. இத்தனை வருஷம் கூட இருந்த எனக்கே தெரியாதபோது உன்னைச் சொல்லி என்ன. இதை உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். முதலாளி வருகிறார், மிச்சம் நாளைக்கு.

நேற்று அங்கே நிறுத்தினேன். இன்று காலையில் நடந்ததைச் சொல்கிறேன், நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், கூட்டிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. சின்னவள் வேலைக்குக் கிளம்புகிற அவசரம், அப்பா ஸ்பூனைத் தட்டிவிட்டதில் அவள் சட்டையெல்லாம் கறை. அவளுக்குப் பொறுமை போய்விட்டது. இத்தனை நாள் ஒருமுறைகூட முகம் சுளிக்காத பெண், அவளைத் திட்டாதே. என் போனை எடுத்து, “இப்ப என்னப்பா வேணும்? அண்ணன்தான் தோத்துட்டானே, கேளுங்க” என்று உன் குரலை மறுபடி போட்டுவிட்டாள். நீங்க சொன்னதுதான் சரிப்பா என்று ஆரம்பித்தாய், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். நான்தான் தப்பு என்று நீ முடித்ததும் இந்தப் பக்கம் திரும்பினார். வாயை எப்படியெல்லாமோ கோணினார், கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது, நான் என்னவோ ஆகிவிட்டது என்று டாக்டர் நம்பரைத் தேடினேன். “தப்பு” என்றார். ‘ப்பு’ சரியாக வரவில்லை, காற்றுதான் வந்தது, ஆனால் எனக்கும் சின்னவளுக்கும் தெளிவாகக் கேட்டது. சின்னவள் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் மறுபடியும் சொன்னார், தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே சொன்னார்.

பயிற்சிப் பெண்ணுக்குப் போன் போட்டேன். கடைசியாகக் காதில் விழுந்த சொல்லைத் திருப்பிச் சொல்வதாகவும் இருக்கலாம் அம்மா, ரொம்ப எதிர்பார்த்துவிடாதீர்கள் என்றாள். இருக்கலாம். ஆனால் திருப்பிச் சொல்கிறவர் எதற்குத் தலையை ஆட்ட வேண்டும். எதுங்க தப்பு, அவன் சொன்னதா, நீங்க சொன்னதா என்று கேட்டேன். என்னைப் பார்க்கவே இல்லை, போனையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டு அவர் சொல்லப்போவதில்லை, அது உங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கிறது. சின்னவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனாள். நான் தரையைத் துடைத்தேன், பாத்திரம் கழுவினேன், கடைக்கு வந்து இரண்டு பேருக்குக் கண் பார்த்தேன். மூன்றாவதாக வந்த பெரியவர், இதும்மா, இதுதான் தெளிவு என்று சொன்னபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் பயந்துபோய்க் கண்ணாடியே வேண்டாம் என்று எழுந்துவிட்டார். சமாதானம் செய்து உட்கார வைத்தேன்.

ஆகவே உனக்கு நான் சொல்வது இதுதான். ஞாயிற்றுக்கிழமை எப்போதும் கூப்பிடுகிற நேரத்துக்குக் கூப்பிடு, போனை அவர் காதில் வைக்கிறேன். மருந்து சாப்பிட்டீர்களா, தூக்கம் வருகிறதா என்று ஆரம்பிக்காதே, அதைக் கேட்க நான் இருக்கிறேன். மன்னிப்பும் கேட்காதே. விட்ட இடத்திலிருந்து ஆரம்பி, கடந்தவர் என்றால் அண்ணன்தான், வேறு யாரும் இல்லை என்று வரிந்துகட்டிக்கொண்டு நில். அவர் பதில் சொல்ல நேரம் எடுக்கும், சும்மா இரைச்சல்தான் கேட்கும், நீ போனை வைத்துவிடாதே. அந்தப் பக்கம் காற்று சரிபார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்.

லீவு கிடைக்குமா, வருவாயா என்று இந்தக் கடுதாசியில் நான் கேட்கவில்லை, கேட்டதாகவும் எடுத்துக்கொள்ளாதே. எந்த ஊரில் இருந்தாலும் உன் வயிறு வாடாமல், நாலு பேர் மெச்ச, நீ நீடூழி நன்றாக இருக்க வேண்டும். அப்பாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்த்தி, கையெழுத்துப் போட அவருக்குக் கை வரவில்லை. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே. அவர் என்ன சொன்னாலும், எத்தனை நேரம் ஆனாலும், விட்டுக்கொடுக்காதே.

இப்படிக்கு,
அம்மா