ஹோபார்ட்டுக்கு நான்கு முறை

ஏப்ரல் 30, செவ்வாய்

விமான நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல். மே முப்பத்தொன்றுக்குள் அறுநூறு அந்தஸ்துப் புள்ளிகள் சேராவிட்டால் என் கோல்டு அட்டை சில்வராக இறங்கிவிடும். இருப்பது நூற்று முப்பது.

பத்தொன்பது வருடம் இதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. சுரங்கக் கம்பெனி மாதம் இரண்டு தடவை பெர்த்திலிருந்து சிட்னிக்கு அனுப்பும், புள்ளிகள் தாமாகச் சேரும். போன ஆகஸ்டில் எங்கள் பிரிவையே மூடி, ஒரு கேக் வெட்டி, எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு நான் எங்கும் பறக்கவில்லை.

போனால் போகட்டும் என்று விடலாம். ஆனால் விமான நிலையத்தில் கோல்டு அட்டைக்காரர்களுக்கான லவுஞ்ச் வாசலில் இருக்கும் பெண் அட்டையைப் பார்ப்பதற்கு முன்பே “வாங்க ரோஸ்லின்” என்பாள். இப்போது வேறு எங்கே என்னை அப்படி எதிர்பார்க்கிறார்கள்?

மே 4, சனி

கணக்குப் போட்டுவிட்டேன். தூரத்துக்கு ஏற்றபடி புள்ளிகள் கூடுவதில்லை, அதுதான் சூட்சுமம். பெர்த்–மெல்போர்ன் நாலு மணி நேரம், பிசினஸ் கிளாஸில் எண்பது. மெல்போர்ன்–ஹோபார்ட் ஒரு மணி நேரம்தான், ஆனால் நாற்பது. ஆகவே மெல்போர்னில் தங்கி ஹோபார்ட்டுக்கு நான்கு முறை போய்த் திரும்ப வேண்டும். மொத்தம் அறுநூற்றுப் பத்து. ஒரு விமானம் தவறினாலும் போச்சு.

பெத்தனியிடம் சொன்னேன். என் மகளுக்கு வாய் என்னைவிட நீளம்.

“ஹோபார்ட்ல யாரும்மா இருக்காங்க?”

“யாரும் இல்ல.”

“ஊருக்குள்ள போவியா?”

“நேரம் இருக்காது. இறங்கி அதே விமானத்துல ஏறணும்.”

“நாலு தடவை போறே, ஒரு தடவைகூட ஊரைப் பார்க்க மாட்டே. வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதம்மா, ப்ளீஸ்.”

மே 23, வியாழன், மெல்போர்ன்

புள்ளிகள் 210.

மே 24, வெள்ளி

காலை ஹோபார்ட்டில் இறங்கினேன். குளிர். நாற்பது நிமிடத்தில் அதே விமானத்துக்கான வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒருவர், உயரம், காதோரம் நரை, கையில் பச்சைப் பை. வரும்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவர். திரும்பிப் பார்த்தார்.

“நீங்களுமா?”

“எது நானும்?”

“நடிக்காதீங்க. எத்தனை குறையுது?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சொன்னேன். அவருக்கு இன்னும் அதிகமாகக் குறைகிறதாம்.

கெல்வின் டிரான்டர். மர்ரே பிரிட்ஜ் என்ற ஆற்றங்கரை ஊர்க்காரர். முப்பத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கோல்டு எதற்கு என்று கேட்டேன். “முப்பத்திரண்டு வருஷம் முன் சீட்டுல உக்காந்தது நான்தான். ஒருத்தனாவது எனக்கு டீ கொண்டாந்து குடுத்திருக்கானா?”

மதியச் சுற்றிலும் அதே பக்கத்து சீட்டு. பணிப்பெண் எங்களைப் பார்த்து, “ரெண்டு பேரும் எதையாவது மறந்து வெச்சுட்டீங்களா?” என்றாள். கெல்வின், “ஆமாம்மா, எங்க புத்தியை” என்றார்.

தக்காளி சூப் வந்தது. அவர் மேகத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தார். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று எனக்கு.

370.

மே 25, சனி, சாயங்காலம்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் நாளைக்கே மாற்றி எழுதுவேன்.

காலைச் சுற்று நன்றாகவே போனது. மதியம், கடைசி முறையாக ஹோபார்ட்டில் இறங்கினோம். விமானம் ஏறும் வாயிலருகே நாற்காலியில் உட்கார்ந்தோம். கெல்வின் ஏதோ சொன்னார், புரியவில்லை. விளையாடுகிறார் என்று நினைத்தேன். மறுபடி சொன்னார். வார்த்தை குழைந்து வந்தது. பை வலது கையிலிருந்து நழுவி விழுந்தது, அவர் அதை எடுக்கவில்லை. முகத்தின் ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

நான்தான் கத்தினேன். அதை எழுதலாம். ஊழியர்கள் ஓடிவந்தார்கள். ஒருவர் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார், ஒருவர் அவரைச் சாய்த்துப் படுக்க வைத்தார். அதே நேரம் ஒலிபெருக்கியில் மெல்போர்ன் பயணிகளுக்குக் கடைசி அழைப்பு.

சீருடைப் பெண் என்னைக் கேட்டாள்: “நீங்க இவரோட வந்தவங்களா?”

இல்லை என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். “பக்கத்து சீட்டு, அவ்வளவுதான். எனக்கு இவரைத் தெரியாது” என்றேன். அவர் கண் திறந்துதான் இருந்தது.

ஏறிவிட்டேன். ஏறி உட்கார்ந்து பெல்ட்டையும் போட்டுக்கொண்டேன். அந்தப் பணிப்பெண் காலி சீட்டைப் பார்த்து, “உங்க நண்பர் எங்க?” என்று கேட்டாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கிட்டிருந்தேன். என்ன பண்ணியிருக்க முடியும் என்னால? நான் டாக்டரா? ஆம்புலன்ஸுக்குத்தான் சொல்லியாச்சே. ஆனா கையையாவது பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கலாமே, ரோஸ்லின். நாற்பது புள்ளிக்காகவா?

ஆமாம். நாற்பது புள்ளிக்காகத்தான்.

மே 26, ஞாயிறு, பெர்த்

610.

ஜூன் 6, வியாழன்

அட்டை வந்தது. கனமான உறை. உள்ளே, ‘தொடர்ந்து எங்களோடு இருப்பதற்கு நன்றி’. உறையோடு இழுப்பறையில் போட்டு மூடினேன்.

பதினோரு நாளாகப் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். இன்று ஹோபார்ட் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுவிட்டேன். நர்ஸ் ஒருத்தி, குடும்பத்தாருக்குத்தான் விவரம் சொல்ல முடியும் என்றாள். பார்வை நேரத்தை மட்டுமாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். கொஞ்சம் தயங்கினாள். “ரெண்டு மணிலேருந்து ஆறு வரைக்கும். அவருக்கு இதுவரைக்கும் ஒருத்தர்தான் வந்திருக்காங்க, அவரோட அக்கா.”

உயிரோடு இருக்கிறார்.

ஜூன் 15, சனி, ஹோபார்ட்

விமானத்தில் கடைசிக்கு முந்தைய வரிசை, நடு சீட்டு. வெளியே வந்தபோது எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. மலை ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் நிற்கும் என்று நினைக்கவே இல்லை, உச்சியில் பனி.

கெல்வின் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். மெலிந்துவிட்டார். வலது கை தலையணை மேல் கிடந்தது. பேச்சு மெதுவாக வருகிறது, ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்து. என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை.

நான் வழியெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியம் மறந்துவிட்டது.

“கெல்வின், அன்னைக்கு அந்தப் பொண்ணு கேட்டப்ப நான் உங்களைத் தெரியாதுன்னு...”

“கேட்டுச்சு. வாய்தான்... போச்சு. காது போகல.”

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

“நாற்பது... கிடைச்சுதா?”

“கிடைச்சுது.”

“அப்ப சரி.” முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். திரும்பாமலே, “போ” என்றார்.

திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 16, ஞாயிறு

ஊர் திரும்பும் விமானம் மாலையில்தான். துறைமுகத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், மீன் கடை திறக்கும் வரை. ஒரு பொட்டலம் வாங்கினேன், சாப்பிட முடியவில்லை. இரண்டு மணிக்கு மறுபடி போனேன்.

“நேத்து... போகச் சொன்னேனே.”

“சொன்னீங்க.”

“அப்புறம்?”

“போனேன். இப்ப வந்திருக்கேன்.”

அவர் சாப்பாட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். தட்டில் ஒரு தயிர்க் கிண்ணம், மேலே ஒட்டிய தாள் மூடி. இடது கையால் அதைக் கிழிக்கப் பார்த்தார், வழுக்கியது. மறுபடி பார்த்தார். நான் கையை நீட்டவில்லை, எனக்கு அந்த உரிமை இல்லை. கடைசியில் அவரே கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார்.

“தொற. அதுக்காவது... உதவு.”

திறந்து கொடுத்தேன். பாதி சாப்பிட்டார். மேசையில் இருந்த தாளில் என் போன் நம்பரை எழுதி வைத்தேன். நாலே காலுக்கு எழுந்தேன். இந்த முறை அவர் போ என்று சொல்லவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

கெல்வினை மர்ரே பிரிட்ஜுக்கு அழைத்துப்போய்விட்டார்கள். அவர் அக்கா தெல்மா போன் செய்தார். நம்பரைக் கெல்வினே கொடுத்தாராம்.

“நீதான் அந்த விமானக்காரியா?”

“ஆமாம்.”

“அவன் எல்லாத்தையும் சொன்னான். எனக்கு உன்மேல கோபம்தான், சொல்லிடறேன். ஆனா அவன் காலையில பயிற்சி பண்ண மாட்டேங்கறான், சின்னப் பிள்ளை மாதிரி அடம். நீ போன்ல பேசினா பண்ணுவானான்னு பாக்கணும். எனக்கும் எழுபத்தொண்ணு ஆகுது.”

பேசினேன். விரலை மடக்கி நீட்டுங்கள் என்றேன். முடியாது என்றார். நானும் இங்கே மடக்கி நீட்டுகிறேன், சேர்ந்து எண்ணலாம் என்றேன். இருபது வரை எண்ணினோம். பெர்த்தில் என் சமையலறையில் யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள்.

ஜூலை 10

முப்பது.

ஆகஸ்ட் 3, சனி

பெத்தனி வந்தபோது நான் போனில் எண்ணிக்கொண்டிருந்தேன். முடியும்வரை சும்மா இருந்தாள். “யாரும்மா?” என்றாள். முதல் தடவையாக முழுதும் சொன்னேன், ‘எனக்கு இவரைத் தெரியாது’ உட்பட. கேலி செய்வாள் என்று காத்திருந்தேன். அவள் கெட்டிலைப் போட்டாள்.

“நேர்ல போய்ப் பாத்துட்டு வாம்மா. போன்ல எத்தனை நாளைக்கு எண்ணுவே?”

செப்டம்பர் 22, ஞாயிறு, மர்ரே பிரிட்ஜ்

மூன்றாவது தடவையாக வந்திருக்கிறேன். தெல்மாவின் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. எனக்கு மட்டும் தட்டில் சின்னத் துண்டு கேக் வைத்தார். ஆனாலும் கார்ச் சாவியை என்னிடம்தான் கொடுத்தார்.

கெல்வின் கைத்தடியோடு தானே நடந்து வந்து ஏறினார். ஆற்றோரமாக மேனம் என்ற ஊர் வரை ஓட்டினேன். வழியெல்லாம் திட்டு.

“கண்ணாடியைப் பாரு. வளைவுல பிரேக் போடாத, வளைவுக்கு முன்னாடி போடு. யாரு உனக்கு லைசென்ஸ் குடுத்தது?”

“நீங்க பஸ்ல பிள்ளைங்களையும் இப்படித்தான் திட்டுவீங்களா?”

“பிள்ளைங்க ஓட்டலியே.”

மேனத்தில் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்து, இறைச்சிக் குழம்பு அடைத்த பேஸ்ட்ரி சாப்பிட்டோம். சட்டையெல்லாம் குழம்பு சிந்திக்கொண்டார், இடது கை இன்னும் பழகவில்லை. திரும்பும்போது திட்டு குறைந்தது, அப்புறம் நின்றே போனது. திரும்பிப் பார்த்தேன். தலை ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, நல்ல தூக்கம். இரவில் தூங்குவதே இல்லை என்று தெல்மா சொல்லியிருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும் முனை வந்தது. வேகத்தைக் குறைத்தேன், பிறகு திரும்பாமல் நேரே ஓட்டினேன்.