கிளாஸ் நேரத்துல வந்த கப்பல்

ஆகஸ்ட் 16, ஞாயிறு

முழு ஊரடங்கு. வெயில். மணலிப் பக்கத்துக் காத்து, காலையிலேருந்து கேஸ் நாத்தம். ஜன்னல் எல்லாம் சாத்தியாச்சு. உள்ள புழுக்கம்.

நாளைக்கு: ஃபோனுக்கு நெட் போடணும் (இருக்கிறது ஒரே ஃபோன், நித்யா கிளாஸும் அதுலதான்). சட்னி ஒன்பது மணிக்கு முன்னாடியே அரைச்சிடணும் (மிக்ஸி சத்தம் கிளாஸ்ல கேக்குதாம், மிஸ் போன வாரம் சொன்னாங்க). நித்யா ஹெட்போன்ல ஒரு காது செத்துப்போச்சு. வேற வாங்கணும்.

சாயங்காலம் அவர்கிட்டேருந்து மெசேஜ். ரொம்ப நாளைக்கு அப்புறம். நடுக்கடல்ல டவர் கெடையாது, கரைகிட்ட வந்தாத்தான் அவர் ஃபோனுக்கு உயிர் வரும். "எண்ணூர் ஹார்பருக்குத்தான் வர்றோம். நிலக்கரி. எடம் கெடைக்கிற வரைக்கும் வெளிய நங்கூரம்."

திரும்பத் திரும்பப் படிச்சேன். எந்தெந்தத் தேசமோ சுத்திட்டு அவர் கப்பல் நம்ம எர்ணாவூர் வாசல்லயே வந்து நிக்கப் போவுது.

நித்யாகிட்ட சொன்னதும் ஒரே கேள்வி: "அப்பா எறங்குவாரா?" தெரியலன்னேன். கோடை லீவுக்கே வந்திருக்க வேண்டியவர். கப்பல் சமையல்கட்டுல உதவி ஆள் வேலை, ஒப்பந்தம் எப்பவோ முடிஞ்சது. மாத்து ஆள் ஏறினாத்தான் இவரை இறக்குவாங்க. கொரோனான்னு யாரையும் ஏத்தல. அவ அஞ்சாங்கிளாஸ் போனதையே அவர் இன்னும் பாக்கல. யாருதான் பாத்தாங்க, ஸ்கூலே தொறக்கல.

ஆகஸ்ட் 17, திங்கள்

விடிஞ்சதும் மாடி. கடல்ல வரிசையா கப்பல். எது அவரோடதுன்னு யாருக்குத் தெரியும். எல்லாம் ஒரே சாம்பல் கலர்.

கணக்கு டெஸ்ட் நடுவுல ஃபோன் அடிச்சுது. அவர். கிளாஸ் அப்படியே நின்னுபோச்சு. நித்யா "மா! மா!"ன்னு கத்தறா, நான் ஃபோனைப் பிடுங்கிக்கினு மாடிக்கு ஓடிட்டேன். அவ அழுதது படிக்கட்டு வரைக்கும் கேட்டுது. ஆனாலும் நிக்கல.

நல்ல சேதி. மாத்து ஆள் சென்னைக்கே வந்துட்டானாம், ஓட்டல்ல வெச்சிருக்காங்களாம். டெஸ்ட் எடுத்திருக்கு. கொரோனா இல்லன்னு வந்துட்டா இந்த வாரத்துலயே அவன் ஏற, இவர் இறங்க. "வூட்ட ரெடி பண்ணு"ன்னார். குரல்ல சிரிப்பு.

கீழ வந்தா நித்யா சுவத்தப் பாத்துக்கினு உக்காந்திருக்கா. திரும்ப கிளாஸ்குள்ள போனப்ப டெஸ்ட் முடிஞ்சுபோச்சு. மிஸ் எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாங்களாம், டெஸ்ட் நேரத்துல எங்க போன, வீட்ல ஃபோன் வராம பாத்துக்கச் சொல்லுன்னு. அப்பாதான் கூப்ட்டார்னு இவளும் சொல்லல.

ராத்திரி சாப்பிடாமப் படுத்துட்டா.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

அவருக்கு மெசேஜ் போட்டேன். கிளாஸ் நேரத்துல கூப்ட வேணாம், பாப்பா அழுவுறா, மத்த நேரம் கூப்டுங்க. மத்த நேரம் அவருக்கு இல்லன்னு எனக்குத் தெரியும். காலைச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி முடிச்சா மத்தியானச் சமையலுக்கு முன்னாடி கொஞ்சம் ஓய்வு, அப்பத்தான் மேல் தளத்துக்கு வர முடியும். மேல வந்தாத்தான் டவர். இருட்டினப்புறம் மேல விட மாட்டாங்க. இவளுக்கும் அதே நேரம்தான் கிளாஸ்.

"சரி"ன்னு ஒரு வார்த்தை வந்துது. அவ்ளோதான்.

முன் ரூம் ஒழிச்சேன். வந்தா அவர் தனியா இருக்கணும்ல. கட்டில், கொசுவத்தி, தனித் தட்டு, தனி டம்ளர். அவர் லுங்கி ரெண்டு பீரோலேருந்து எடுத்து துவைச்சு மாடில போட்டேன். எடுக்கப் போனா மேலெல்லாம் அனல்மின் நிலையத்துச் சாம்பல் துகள். திரும்பத் துவைச்சேன். சலிப்பே வரல.

படிக்கட்டுல கீழ்வூட்டு மும்தாஜ் அக்கா குரல். கதவு தொறக்கல, ஜன்னல்லேருந்துதான். அவங்க கொழுந்தனாருக்கு கொரோனா வந்து போனதுலேருந்து அவங்களும் மேல வர்றதில்ல, நானும் கீழ போறதில்ல. "இன்னா நித்யாம்மா, லுங்கி காயுது மாடில? வர்றாரா?" வர்றாருக்கான்னேன். "அல்லா நல்லா வெப்பான்"னாங்க. ஜன்னல் சாத்திக்கிச்சு.

முன்னெல்லாம் சாயங்காலம் ஆனா டீயோட வந்து உக்காருவாங்க.

ஆகஸ்ட் 19, புதன்

ஒண்ணும் இல்ல.

"நெகட்டிவ்வா?"ன்னு போட்டேன். மத்தியானம் பதில்: "நாளைக்கு சொல்றேன்."

ஏன் நாளைக்கு?

இட்லி மீந்துபோச்சு, உப்புமா பண்ணேன். நித்யாவுக்குப் பிடிக்கல. ஹெட்போன் கடை மூடிக் கெடக்கு. ஸ்பீக்கர்லயே கிளாஸ் ஓடுது. காலை முழுக்க வூட்ல பேச்சுக் குரல்தான். மிஸ் குரல், பிள்ளைங்க குரல், யாரோ வூட்டு குக்கர் விசில். அதுல ஒரு வார்த்தை என்கிட்ட பேசறது கெடையாது. மத்தியானம் அவ ஃபோனை மூடினா ஃபேன் சத்தம் மட்டும். அவளுக்கும் கண்ணு வலி, யார்கூடயும் பேச மாட்டா. படுத்துக்குவா.

முன் ரூம்ல போய் கொஞ்ச நேரம் கட்டில்ல உக்காந்தேன்.

ஆகஸ்ட் 20, வியாழன்

மழை. துணி உள்ள. மாடிக்குப் போய் நின்னா கடலே தெரியல.

மெசேஜ் இல்ல. நாளைக்கு சொல்றேன்னாரே, அந்த நாளைக்கு இன்னிக்குதான.

நித்யா சாயங்காலம் கொஞ்ச நேரம் ஃபோன் கேட்டா, மிஸ் ஏதோ அனுப்பச் சொன்னாங்கன்னு. குடுத்தேன். என்னன்னு கேக்கல. வாழைப்பூ ஒண்ணு வண்டிக்காரர்கிட்ட வாங்கினேன்.

ஆகஸ்ட் 21, வெள்ளி

எழுத்து கோணலாப் போவுது. போகட்டும்.

முதல் பீரியட் இங்கிலீஷ். குடும்பம்னு பாடமாம். ஒவ்வொரு பிள்ளையும் வூட்ல இருக்கிற ஒருத்தரைக் காட்டி ரெண்டு வரி பேசணும். எனக்குத் தெரியாது. நான் சமையல்கட்டுல தரையில உக்காந்து வாழைப்பூ ஆய்ஞ்சுக்கினு இருந்தேன், நைட்டியோட. ஸ்பீக்கர்ல யார் யாரோ. ஒரு பையன் தாத்தா, ஒரு பொண்ணோட சித்தி. அப்புறம் "குட் மார்னிங் மிஸ்"னு ஒரு ஆம்பளக் குரல்.

கத்தி கீழ விழுந்துடுச்சு.

எழுந்து வந்து பாத்தா, ஃபோன் முழுக்கக் குட்டிக் குட்டிக் கட்டம், அதுல ஒண்ணுல அவர். பின்னாடி மஞ்சக் கம்பி, வானம். காத்து சத்தம் பொறபொறன்னு. தாடி. இளைச்சுட்டார். நேத்து சாயங்காலம் இவதான் கிளாஸ் லிங்க்க அவருக்கு அனுப்பிச்சிருக்கா. மிஸ்கிட்டயும் முன்னாடியே கேட்டுட்டாளாம். என்கிட்ட மட்டும் சொல்லல.

நித்யா எழுந்து நின்னு இங்கிலீஷ்ல சொன்னா. இவர் என் அப்பா, கப்பல்ல வேலை செய்றார். உக்காந்துட்டா.

மிஸ்கிட்ட பேசறப்ப அவர் தமிழே வேறயா இருந்துது. "வணக்கம் மிஸ், நாங்க இப்ப எண்ணூருக்கு வெளியதான் நின்னுட்டு இருக்கோம்"னு நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பிள்ளைங்களுக்கு கப்பலைக் காட்டினார். நிலக்கரி இருக்கிற பெரிய மூடி, கிரேன், அவர் காய்கறி நறுக்கற எடம். கேள்வி மேல கேள்வி. அங்கிள், கப்பல்ல டிவி இருக்கா? அங்கிள், திமிங்கலம் பாத்திருக்கீங்களா? எல்லாத்துக்கும் பதில் சொன்னார். நான் ஃபோனுக்குப் பின்னாடி, கேமராவுல படாம, சுவர் ஓரமா நின்னேன். நைட்டி. கையெல்லாம் வாழைப்பூக் கறை.

ஒரு பொண்ணு கேட்டுது, சின்னக் குரல்ல: "அங்கிள், நித்யாவப் பாக்க எப்ப வருவீங்க?"

அவர் ஃபோனை முகத்துக்குக் கிட்ட கொண்டுவந்தார்.

"இந்தத் தடவ வர முடியலம்மா. எனக்குப் பதிலா ஏற வேண்டியவருக்கு கொரோனா வந்துடுச்சு. இங்க எடமும் இல்லையாம். கப்பல் நாளைக்கு வேற ஊருக்குப் போகுது."

எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது. நாப்பது பிள்ளைங்களோட சேர்ந்து.

நித்யா ஸ்கிரீனையே பாத்துக்கினு இருந்தா. மிஸ் பிள்ளைங்ககிட்ட, இன்னிக்கு இங்கிலீஷ் போதும், கணக்கு பீரியடுக்கு வாங்கன்னு சொல்லிட்டாங்க. கட்டம் எல்லாம் ஒண்ணொண்ணா அணைஞ்சுது. "நித்யா அப்பா, நீங்க இருங்க. நித்யா, அம்மாவக் கூப்பிடு. நான் மைக்க ஆஃப் பண்ணிட்டு எழுந்து போயிடறேன். அடுத்த பீரியட் வரைக்கும் லிங்க் ஓடட்டும்."

நாங்க மூணு பேர். பக்கத்துல மிஸ் பேர் மட்டும் இருக்கிற கறுப்புக் கட்டம் ஒண்ணு.

இவ ஃபோனை என் பக்கம் திருப்பினா. துண்டு எடுத்துப் போட்டுக்கக்கூட தோணல.

"எனக்கு ஏன் சொல்லல?"ன்னேன்.

"மெசேஜ்ல போட மனசு வரல. கூப்டலாம்னா கிளாஸ் நேரத்துல வேணாம்னுட்ட." கோவமாச் சொல்லல. அது இன்னும் வலிச்சுது.

இவ்ளோ நாள் மனசுக்குள்ள அவர்கிட்ட பேசிக்கினே இருந்திருக்கேன், பாத்திரம் கழுவறப்ப, படுக்கறப்ப. நேர்ல வந்ததும் ஒண்ணு கூட ஞாபகம் இல்ல.

"இன்னா சமையல்?"

"வாழைப்பூ."

"அத்த ஆயறதுக்குள்ள உனக்கு உசிரு போவுமே"ன்னு சிரிச்சார். சிரிப்பு பாதில நின்னுடுச்சு.

ஃபோனைத் திருப்பிக் கரையைக் காட்டினார். அனல்மின் நிலையப் புகைபோக்கி தெரிஞ்சுது. அதுக்கு இந்தப் பக்கம் ஒரு பழுப்புக் கோடு. அதுக்குள்ளதான் எங்க வூடு, நான், நித்யா. மாடிக்கு ஓடினோம் ரெண்டு பேரும். "கைய ஆட்றேன், தெரியுதா?" தெரியுதுப்பான்னா நித்யா. எனக்கு எந்தக் கப்பல்னே தெரியல. நானும் தெரியுதுன்னேன்.

இவ தாத்தா பாட்டி ஊர்க்கதை, டெஸ்ட் போச்சுன்ற கதை எல்லாம் சொன்னா. நான் சாப்டீங்களான்னு கேட்டேன். மாத்திரை போடறீங்களான்னு கேட்டேன். நாளைக்கு சதுர்த்தின்னு சொன்னேன். வேற ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அவர் முகம் அப்படியே உறைஞ்சு நின்னுது, வாய் கொஞ்சம் தொறந்தபடி. கட்டம் காணாமப் போச்சு. திரும்ப வரல.

கணக்கு பீரியடுக்கு இவ சரியா போய் உக்காந்தா.

வாழைப்பூ கறுத்துப் போச்சு. தூக்கிப் போட்டேன்.

சாயங்காலம் மிஸ் தனியா ஃபோன் பண்ணாங்க. கணக்கு டெஸ்ட் நித்யாவுக்கு மட்டும் திரும்ப வைக்கறாங்களாம். அப்புறம் நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேட்டாங்க. நல்லா இருக்கேன் மிஸ்னேன். வெச்சதுக்கு அப்புறம் அழுதேன், குழாயைத் தொறந்து விட்டுட்டு.

ஆகஸ்ட் 22, சனி. சதுர்த்தி

கிளாஸ் லீவு. இன்னிக்கு இருந்திருந்தா காலை முழுக்கப் பேசியிருக்கலாம்.

மாடிக்குப் போனேன். வரிசைல ஒரு எடம் காலி. அதுவா இருக்கும்.

மெசேஜ்: "கெளம்பிட்டோம். டவர் போவுது. பாப்பாவத் திட்டாத."

திட்டல. நான் எதுக்குத் திட்டப் போறேன்.

பிள்ளையார் வாங்கல. மும்தாஜ் அக்கா ஜன்னல் வழியா பேரீச்சம்பழம் குடுத்தாங்க. வந்துட்டாரான்னு கேக்கல. லுங்கி மாடில இல்லாததைப் பாத்திருப்பாங்க. முன் ரூம் கட்டிலை மட்டும் அப்படியே விட்டுட்டேன்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

முழு ஊரடங்கு. மறுபடியும் வெயில். தெருவுல நாய் கூட இல்ல.

மத்தியானம் துணி மடிச்சுக்கினு இருந்தேன். நித்யா ஸ்கேலை எடுத்துக்கினு வந்து எதிர்ல நின்னா. அவ மிஸ்ஸாம். நான் பிள்ளையாம். நேரா உக்காரணுமாம். உக்காந்தேன்.

அட்டென்டன்ஸ் எடுத்தா. அவ தோஸ்துங்க பேரெல்லாம் கூப்டா, அவங்களுக்கு அவளே குரல் மாத்திப் பதில் சொல்லிக்கினா. அப்புறம் என்னைப் பாத்து, கண்டிப்பா:

"கலா."

யாரைக் கூப்டறான்னு ஒரு நொடி புரியல. என்னை அப்படிக் கூப்பிட்டு எவ்ளோ காலம் ஆச்சு.

"பிரசென்ட் மிஸ்."

"ஏழுமலை."

நான் துணியைப் பாத்தேன்.

"ஏழுமலை"ன்னா மறுபடி. ஸ்கேல் ஆடல.

"அவருக்கு டவர் இல்ல மிஸ்"னேன்.

ஸ்கேலைக் கீழ எறக்கினா. "சரி. வந்ததும் நோட்ஸ் வாங்கி எழுதிக்கச் சொல்லு."