குடோனுக்கு வைத்திருந்த மனை

ஞாயிறு இரவு

தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்தான்.

விளைச்சல் மிகுந்ததும் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்து, அன்றிரவே உயிரை விட்ட பணக்காரனின் உவமையைக் காலைப் பூசையில் ஃபாதர் வாசித்தார். எங்கள் பீங்கான் சூளைக்குப் பின்னால் காலி மனை இருக்கிறது. அதில் புது குடோன் கட்ட நாளை கொத்தனார் வருவதாக இருந்தது. எனக்கு உறுத்தியது. கணவரிடம் எப்படிச் சொல்வது?

வெளியே வந்ததும் அவரே ஆரம்பித்தார். "அந்த எடத்த கலைச்செல்விக்குக் குடுத்துடலாமா மேரி?"

கலைச்செல்வி எங்கள் பொம்மைகளுக்கு வர்ணம் பூசுகிறவள். குடியிருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பூசை முழுக்க நானும் அவளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேரே அவளிடம் போய்ச் சொன்னோம்.

"வாடக எவ்ளோக்கா?" என்றாள்.

"வாடக இல்ல. ஒம் பேருக்கே எழுதித் தரோம். எங்களுக்கும் ஆண்டவரு குடுத்ததுதான."

அவள் நம்பாமல் இவரைப் பார்த்தாள். இவர் தலையாட்டினார்.

சாயங்காலம் மகளோடு மனைக்கே வந்துவிட்டாள். குச்சியால் மண்ணில் கோடு கிழித்து, "இது அடுப்படி" என்றாள். மகள் கோட்டுக்குள் போய் உட்கார்ந்து சோறு கேட்டாள்.

பொம்மைப் பெட்டிகளை இனி எங்கள் ஹாலில்தான் அடுக்க வேண்டும். இவருக்கும் தூக்கம் இல்லை. எழுந்துபோய் சோபாவை நகர்த்திக்கொண்டிருக்கிறார். ஒரு பக்கம் பிடிக்க என்னைக் கூப்பிடுகிறார்.