கயிறும் பெரியப்பாவின் மாரும்

அன்புள்ள பெரியப்பா,

'அன்புள்ள' என்பது கடிதத்துக்கான மரியாதை. அதற்கு மேல் எதுவும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காரியாபட்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் உங்கள் போஸ்டர். 'மாரடைப்பால் இயற்கை எய்தினார்' என்று போட்டிருக்கிறான் உங்கள் மகன் செல்வம். அதில் 'மார்' என்ற சொல்லைப் பார்த்ததும் உங்கள் முகம் நினைவுக்கு வரவில்லை. கயிறுதான் வந்தது.

நான் தமிழ் எம்.ஏ. முடித்து வந்த கோடையில், திருச்சுழிப் பக்கத்துக் கரிசலை நீங்களும் அப்பாவும் பாகம் பிரித்தீர்கள். அளந்தது நீங்கள், கயிற்றின் மறுமுனை என் கையில். ஊரார் முன்னால் கேட்டீர்கள்: "தமிழ் படிச்ச தொரை, மாருன்னா என்னன்னு சொல்லுங்க பாப்பம்."

"மார்பு" என்றேன்.

"அது பொம்பளைக அடிச்சு அழுகுறதுக்குலே. இது அளக்குறதுக்கு!" எல்லாரும் சிரித்தார்கள்.

இப்போது பதில் சொல்கிறேன். கைகளை விரித்தால் ஒரு விரல்நுனியிலிருந்து மறு விரல்நுனி வரை ஒரு மார். நடுவில் இருக்கும் உறுப்பின் பெயரே அளவுக்கும் பெயரானது. மார்பு, மார்பம், மார்வம் எல்லாம் ஒரே குடும்பம். மார்பு தேய்ந்து மாரானதா, மார் வளர்ந்து மார்பானதா என்பது எனக்கு இன்னும் தீரவில்லை. பெருமைக்கு மார்தட்டுவார்கள், துக்கத்துக்கு மாரடிப்பார்கள். "ஒங்கண்ணன்கூட மாரடிச்சே எங்காலம் போச்சு" என்று அம்மா அப்பாவிடம் சொன்னது வேறு. அகராதியில் ஏறாதது ஒன்று உண்டு: உங்கள் பங்குக்கு நெஞ்சு நிமிர்ந்த மார்; எங்கள் பங்குக்கு முழங்கை மடங்கிய மார்.

இரண்டு பங்குக்கும் மார் எண்ணிக்கை சரியாக வந்தது. கிணறு உங்கள் பக்கம் போனது. நான் வாயைத் திறந்தேன். "அண்ணன் மாருல தப்பு வராதுடா, பேசாம இரு" என்றார் அப்பா. அப்புறம் சாகும் வரைக்கும் உங்கள் மோட்டார் ரூம் வாசலில் நின்றார்: "அண்ணே, நம்ம மல்லிப் பயிருக்கும் கொஞ்சம் தண்ணி விடுங்க." ஒரு நாளாவது உங்களுக்கு உறுத்தியதா?

உங்கள் காரியம் முடிந்து, போன வாரம் செல்வம் வந்தான். "அன்னைக்கு வாய்ப்பேச்சாப் பிரிச்சதுக்குப் பத்திரம் போடணும்ணே. கல்லு ஊண்டுறதுக்கு முந்தி நாமளே ஒருக்கா அளந்துக்கிருவோம். அப்பாவுக்கு அடுத்து பெரிய மாரு ஒங்களுக்குத்தான். நீங்களே அளங்க."

"ஒங்கப்பா அளந்தாகளே, அந்த மாதிரியா?"

அவன் கீழே பார்த்தான். "எனக்குத் தெரியும்ணே. அதான் ஒங்களைக் கூப்புடுறேன்."

அவன் போனபிறகு, துணி காயும் கொடிக்கயிற்றைப் பிடித்துக் கைகளை விரித்துப் பார்த்தேன். அப்பாவுக்கு இல்லாத நீளம். உங்களுடையதேதான். எவ்வளவு கசந்தது தெரியுமா? முழங்கையை மடக்கியும் பார்த்தேன். சுலபமாகத்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை அளக்கிறோம். செல்வத்தின் பங்குக்கும் என் பங்குக்கும் ஒரே மார்தான் போடுவேன். கிணறு எந்தப் பக்கம் விழுந்தாலும் சரி. உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். 'பெரியப்பன் மாதிரியே அளக்குறான்' என்று ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இப்படிக்கு,
உங்கள் மார் அளவு மட்டும் வாய்த்த
தம்பி மகன்