நார்த்தங்காய்த் தோலின் வெள்ளை

உன் மனைவி கொடுத்தனுப்பிய, கோழி சுடும் கம்பி வலை முந்தாநாள் வந்து சேர்ந்தது. பழைய வேட்டித் துணியில் சுற்றி, உங்கள் வீட்டு மரத்து நார்த்தங்காய் நாலைந்தையும் சேர்த்துக் கட்டியிருந்தார். கொண்டுவந்த ஆள், சொல்லியனுப்பியதை அப்படியே ஒப்பித்தான்: “அவரு ஞாபகமா அண்ணன் ஊட்டுல இருக்கட்டும்னு அம்மா சொன்னாங்க.”

துணியைப் பிரித்ததும் கரியும் கொழுப்பும் மிளகாயும் கலந்த பழைய வாடை அடித்தது. வலையின் ஒரு மூலையில் கம்பி போதாமல் வேறொரு தடித்த கம்பியை வைத்து முறுக்கியிருக்கும். வெண்ணந்தூர்க் கொல்லர் பட்டறையில் பக்கத்திலேயே நின்று நான் செய்து வாங்கிய வலை அது. உன்னிடம் போனது திரும்பவே இல்லை. என் பொருளையே உன் ஞாபகமாக எனக்குக் கொடுத்தனுப்புகிறார்கள். செத்த பிறகும் உன்னால் இதைச் செய்ய முடிகிறது.

இறந்தவனைப் பற்றி நல்லது மட்டும் எழுத வேண்டும் என்பார்கள். அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

சேலத்தில் ஒரே பள்ளியில் நாம் வாத்தியார்களாகச் சேர்ந்த புதிது. ஊருக்குப் போய்த் திரும்பும்போது அம்மாவின் நார்த்தங்காய் ஜாடியிலிருந்து உப்புத் தண்ணீரைப் புட்டியில் ஊற்றி எடுத்து வருவேன், அம்மாவுக்குத் தெரியாமல். எருமப்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டில் கோழி அடித்தால் சமையலறைக்குள் வராது. வாசலில் தனி அடுப்பு, தனிச் சட்டி. அமாவாசைப் படையலுக்கு எடுக்கும் அந்த ஜாடியையோ குளிக்காமல் அம்மாவே தொடமாட்டார். அதிலிருந்து ஒரு சொட்டு கவிச்சியில் பட்டது என்று தெரிந்தால் ஜாடியோடு தூக்கிக் குப்பையில் வீசியிருப்பார்.

அந்தத் தண்ணீரில் கோழித் துண்டுகளை ஊறவைக்க வேண்டும் என்று கண்டுபிடித்தவன் நான். பக்குவத்தையும் நான்தான் கண்டேன். மண்சட்டியில் உப்புத் தண்ணீரோடு நல்ல தண்ணீர் கலந்து காலையிலேயே துண்டுகளை முக்கிவைப்பது. வெயில் தாழ்ந்ததும் எடுத்து, துணியால் ஒற்றி, ஈரம் போகக் காற்றில் ஆறவிடுவது. வரமிளகாய், மிளகு, பூண்டு இவற்றோடு நார்த்தங்காய்த் தோலையும் சீவிப் போட்டு அரைத்து, கடலை எண்ணெயில் குழைத்துத் தடவுவது. வேலமரக் கரி நீறு பூத்த பிறகே வலையை வைப்பது. உங்கள் வீட்டுப் பின்கட்டில் முதன்முதல் சுட்ட அன்று நீ செய்த வேலை, விசிறியது ஒன்றுதான்.

பிறகு வந்தது உங்கள் வேதக்கோயில் திருவிழா. தேர் நிலைக்கு வந்த மறுநாள் பகலில் உங்கள் வீட்டில் விருந்து. நான் எதிர்பாராமல் என் அப்பாவும் வந்து நின்றார். சேலத்துக்குப் போய் மகன் கெட்டுவிட்டானா என்று பார்த்துவிட்டு, கெட்டிருந்தால் வேலையை விடச்சொல்லிக் காட்டில் ஏர் பிடிக்கவே இழுத்துப்போக வந்தவர். நீ அவரை உட்காரவைத்து இலை போட்டாய்.

கோயில் உபதேசியார் ஒரு துண்டைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடினார். “யாரு கைப்பக்குவமுங்க இது?”

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா மூக்கருகே துண்டைப் பிடித்து மோந்து பார்த்தார். “நார்த்தங்கா வாசம் வருதே. நம்மூட்டு ஜாடியத் தொறந்தாப்பலயே இருக்குதே, சாமி?” என்று என்னைப் பார்த்தார்.

இடுக்கியும் கையுமாக நின்ற நீ சொன்னாய்: “நம்ம கைப்பக்குவந்தானுங்க அய்யா. காயும் எங்க ஊட்டு மரத்துக் காயிதான்.”

“மரமா? வரும்போது பாக்கலீங்களே, எங்கீங்க இருக்குது?”

“பின்னாடி சந்துலீங்க. ஓணான் தொல்லை, அந்தப் பக்கம் போகாதீங்க.”

அப்பா சிரித்துவிட்டு இன்னொரு துண்டு கேட்டார். என் வேலை தப்பியது. அன்று நீ செய்ததை உதவி என்றே எடுத்துக்கொண்டேன். அடுத்த மழைக்கு நீ உண்மையாகவே ஒரு நார்த்தங்கன்று வாங்கி வந்து அந்தச் சந்தில் நட்டதைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. பொய்க்கு வேர் பிடிக்கவைத்தாய்.

அதன்பின் அந்தக் கோழி உன் பெயரால் ஊர் சுற்றியது. கலியாண வீட்டில் உன் கோழி, கோயில் சாமியார் பங்களாவில் உன் கோழி, ஜலகண்டாபுரத்திலிருந்து வந்த ஜவுளிக்காரர்களுக்கும் உன் கோழி. நான் பக்கத்தில் நின்று சாப்பிட்டுவிட்டு, “பிரமாதமுங்க” என்று மற்றவர்களோடு சேர்ந்து சொல்ல வேண்டியிருந்தது.

அப்பா போனார். அம்மாவும் போனார். இனி பயப்பட யாருமில்லை என்று உன்னிடம் வந்து கேட்டேன். “இப்பவாவது நாலு பேருகிட்டச் சொல்லு.”

நீ கைத்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தாய். “எதை வேணா கேளு மாப்ளே, பேரை மட்டும் கேக்காதே. அன்னைக்கு உன்னையக் காப்பாத்துனதுக்குக் கூலின்னு வெச்சுக்க. இனிமே நீ சொன்னாத்தான் யாரு நம்பறாங்க?”

அன்று என் கண் உன் கத்தியில் விழுந்தது. தோலைச் சீவும்போது உள்ளேயிருந்த வெள்ளையையும் சேர்த்துச் சீவிக்கொண்டிருந்தாய். மேலே இருக்கும் பச்சையை மட்டும் எடுக்க வேண்டும். வெள்ளை நெருப்புப் பட்டால் கசக்கும். நான் கவனமாகச் செய்ததை நீ பார்த்திருக்கிறாய். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சொல்லாமல் வந்துவிட்டேன். உன் பெயர் விளங்கும் கோழியில் கடைசிவரை ஒரு கசப்பு இருக்கட்டும் என்று. ஒவ்வொரு விருந்திலும் அந்தக் கசப்பை நாக்கில் வைத்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

பிறகு ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன் நீ எழவில்லை. கணக்குத் தீராமல் போய்விட்டாய்.

உன் முதல் வருஷ நினைவுப் பூசை விருந்துக்குக் கோழி சுட உன் மனைவி என்னைத்தான் கூப்பிட்டார். “அவருக்கு அடுத்தபடி உங்களுக்குத்தானுங்கண்ணா தெரியும்.” அடுத்தபடி! சரி என்றேன். அசலை அவர்கள் வாயில் வைத்துவிட்டு, அதன்பின் வாயைத் திறப்பது என்று முடிவுசெய்துகொண்டேன். காலையில் ஊறவைத்தேன். பச்சை மட்டும் வரும்படி சீவினேன். நீ அவசரப்படுவதுபோல் அவசரப்படாமல், நீறு பூக்கும்வரை காத்திருந்தேன். அதைவிட நன்றாக நான் சுட்டதில்லை.

உபதேசியாருக்கு இப்போது பல் குறைவு. மெதுவாக மென்றார். நான் சொல்ல வேண்டியதைத் தொண்டைவரை கொண்டுவந்து நின்றேன்.

“நல்லாத்தானுங்க இருக்குது வாத்தியாரே,” என்றார். “ஆனா அவரு சுட்டாப்பல வராதுங்க. கடைசியில சுருக்குன்னு ஒரு கசப்பு வரும் பாருங்க, அது இல்லீங்களே.”

“ஆமாங்கண்ணா,” என்றார் உன் மனைவி, என் மனம் நோகக்கூடாது என்று குரலைத் தணித்து. “அது அவரு கைக்கு மட்டும் வரும்.”

பந்தி முழுக்கத் தலையாட்டியது. கையைக் கழுவிக்கொண்டு சொல்லாமல் பேருந்து ஏறினேன்.

நேற்று காலையிலேயே கோழியை ஊறவைத்து, மாலையில் அந்த வலையைத் தேய்த்துக் கழுவி, என் வீட்டு வாசலில் கரி மூட்டினேன். உன் பொய்யில் முளைத்த மரத்தின் காய்தான். வெள்ளை தெரியுமுன் கத்தியை நிறுத்தி, முறைப்படி அரைத்துத் தடவி, முறைப்படி சுட்டேன். ஒரு துண்டை வாயில் போட்டு மென்றேன். உப்பு சரி. காரம் சரி. விழுங்கிய பிறகும் நாக்கு எதையோ எதிர்பார்த்துக் காத்திருந்தது.

இன்னொரு காயை எடுத்தேன். வெள்ளையோடு சேர்த்து ஆழமாகச் சீவி அரைத்து, இன்னொரு துண்டில் தடவிச் சுட்டேன்.

அதை முழுக்கத் தின்றேன். இதற்காகவும் உன்னை மன்னிக்கமாட்டேன்.