சத்தமில்லாமல் விட்டுப்போன மூன்று

ஜூன் 3, செவ்வாய்
மருமகள் காலையிலிருந்து சாப்பாட்டு மேசையில் கணினியோடு இருக்கிறாள். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்துக்கு அவள் எழுதிய நிரல் நேற்று மூன்று முறை நின்றுபோனதாம்.

"ரத்தம், திசு ரெண்டும் 'மாதிரி'ங்கற ஒரே வரிசையில வருது அத்தை. வர்றது எல்லாத்தையும் ரத்தம்தான்னு அடிச்சுச் சொல்லும்படி எழுதிட்டேன். திசு வந்தா நிரல் படுத்துடுது."

"முகத்தைப் பார்க்காமலே பேர் வெச்சிட்டியா?"

"அதேதான்!" சிரித்தாள்.

ஜூன் 4
சரிசெய்துவிட்டாள். இப்போது 'ஆஸ்' என்று ஓர் ஆங்கிலக் கட்டளைச் சொல் போட்டிருக்கிறாள். 'ரத்தமாக வர முடியுமா?' என்று பணிவாகக் கேட்குமாம். முடியாவிட்டால் வெறுங்கையை நீட்டும், சண்டை கிடையாது. வெறுங்கை வந்தால் அடுத்த மாதிரிக்குப் போய்விடும். என்ன நாகரிகம்! வகுப்பில் நான் ஒரு நாளாவது அப்படிக் கேட்டிருப்பேனா?

ஜூன் 9
நிரல் நிற்கவில்லை. அவள் முகம் தெளிந்திருக்கிறது.

ஜூன் 11
உள்ளே போனது நானூற்றுப் பன்னிரண்டு மாதிரி, வெளியே வந்த முடிவு நானூற்று ஒன்பது. யாரும் புகார் சொல்லவில்லை. இவளாகவே எண்ணிப் பார்த்திருக்கிறாள்.

"மூணும் திசு, அத்தை. நிக்கல, கத்தல, தாண்டிப் போயிடுச்சு. கட்டி புற்றா இல்லையான்னு தெரியாம மூணு பேர் காத்துட்டிருக்காங்க."

மேலாளர் தொலைபேசியில், "கூடத்துல தாமதம்னு சொல்லிடலாம்மா" என்றது எனக்கே கேட்டது.

"வேண்டாம் சார். தப்பு என் வரியில. நானே ஆஸ்பத்திரிக்குச் சொல்றேன்."

அப்போதே அழைத்துச் சொன்னாள். நான் கழுவிய தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

கணக்கு டீச்சராக இருந்தபோது நான் என்ன செய்தேன்? திருத்த வந்த இயற்கணித விடைத்தாள் கட்டுக்குள் ஒரு வடிவியல் விடைத்தாள் கலந்து வந்தது. அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கினேன், மறந்தேன். அதை எழுதிய பெண் தேர்வே எழுதவில்லை என்று முடிவு வந்தது. மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன், சரி. ஆனால் 'அலுவலகத்துல தவறிடுச்சு' என்றேனே! அவள் அம்மா பள்ளி எழுத்தரை வாய்க்கு வந்தபடி பேசினாள். பார்த்துக்கொண்டு நின்றேன்... இருபத்தெட்டு வருஷம் ஆச்சு, இன்னும் உறுத்துது.

ஜூன் 12
இப்போது முதலில் 'இஸ்' என்ற இன்னொரு சொல்லைப் போட்டு 'நீ ரத்தமா? திசுவா?' என்று கேட்டுவிட்டு, அதனதன் வழியில் அனுப்புகிறாள். "ரெண்டும் இல்லன்னா?" என்றேன்.

"நின்னு கத்தும் அத்தை. ஊருக்கே கேக்கணும்."

விட்டுப்போன மூன்று முடிவுகளும் இன்றே போய்விட்டன.

ஜூன் 16
இருவருக்குக் கவலையில்லை. மூன்றாமவருக்குப் புற்றுதான், ஆரம்ப நிலையாம், சிகிச்சை தொடங்கியாயிற்று. இனி குழுவில் எல்லோர் நிரலையும் இவள் பார்த்த பிறகே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

மாலையில் அந்த எழுத்தரின் எண்ணைத் தேடிப்பிடித்து அழைத்தேன்.

"அந்த விடைத்தாளை விட்டது நான்தான் சார். நீங்க இல்ல."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம்.

"இருங்க டீச்சர், என் வீட்டுக்காரியைக் கூப்பிடறேன். அவகிட்டயும் ஒரு தடவை சொல்லுங்க."

சொன்னேன்.