அத்தாஉல்லா கொடுத்த சம்மதம்

மாம்புரி

அன்பு மகள் நஸ்லியாவுக்கு வாப்பாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் உம்மாவும் எழும்பி நடமாடுகிறோம், உம்மாவின் முழங்கால் மட்டும் சொல்லுக் கேட்பதில்லை. நீயும் மருமகனும் பிள்ளைகளும் அந்தக் குளிரில் நோயில்லாமல் இருக்கத் தினமும் துஆக் கேட்கிறோம். நான் சொல்லச் சொல்ல உன் மதினி ஸக்கியா எழுதுகிறாள். போனில் பேசலாம்தான், நீ அழத் தொடங்கினால் எனக்கு மிச்சக் கதை வராது.

அந்த வள்ளச் சம்பவம் எந்த வருஷம் என்று கேட்டாய். மட்டக்களப்பைச் சூறாவளி அடித்துப் போட்ட வருஷம். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து, சூறாவளிச் செய்தி ரேடியோவில் வர முன்னம். உன் பெரிய நானா, எங்கள் மூத்தவன், தவழுகிற பருவம், நீ பிறக்கவேயில்லை. நம்மட ஊர் அர்கமுடைய வள்ளத்தில் அவனும் அத்தாஉல்லாவும் ஹயாத்து முகம்மதுவும் போனார்கள். மீனுக்குப் போட எடுத்த வெடி வள்ளத்துக்குள்ளேயே வெடித்தது. ஹயாத்து அந்த இடத்திலேயே மௌத்து, அத்தாஉல்லாவுக்கு இடது கை விரல்கள் போயின. வெடி போடுவது சட்டத்துக்கு விரோதம் என்பதால் கரையில் ஆண்கள் கூடிப் பேசி, வள்ளம் கவிழ்ந்து ஹயாத்து மூழ்கிவிட்டான், அத்தாஉல்லாவின் கை இஞ்சினில் அகப்பட்டது என்று ஊருக்குச் சொன்னார்கள். கடலில் மூழ்கினவர் சஹீது, சொர்க்கத்துக்குரிய தியாகி என்று பள்ளி ஆலிம்சா சொல்ல, ஹயாத்துடைய பெண்சாதி ஹவ்வா உம்மா அதைப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளைகளை வளர்த்தாள். அடக்க முன்னம் ஹயாத்துடைய மையித்தைக் குளிப்பாட்டினவர்களில் நானும் ஒருத்தன். குளிப்பாட்டுகிறவன் கண்டதை வெளியே விடக் கூடாது, இந்தக் கதை வெளியே வரும்வரை உன் உம்மாவுக்குக்கூட நான் சொன்னதில்லை.

நீ உன் ஆராய்ச்சிக்காக வந்து வெடி மீன்பிடியைப் பற்றி விசாரித்தபோது அத்தாஉல்லா தானாகத்தான் உன்னிடம் எல்லாம் சொன்னான், நான் மறுக்கவில்லை. எழுது மகள், எழுதினாத்தான் இந்தப் பொடியன்மார் வெடிய கைவிடுவானுகள் என்று அவன் சொன்னது எனக்கும் கேட்டது. நல்ல நினைப்போடு சொன்னான், நீயும் நல்ல நினைப்போடுதான் எழுதினாய். ஆனால் ஹவ்வா உம்மாவின் பேத்தி றுமைஸா கெம்பஸில் கடல் படிப்புப் படிக்கிறாள் அல்லவா, அங்கே வாசிக்கக் கொடுத்த கட்டுரை உன்னுடையதாக இருந்திருக்கிறது. கற்பிட்டிப் பக்கத்து ஊர், இடது கையில் விரலில்லாத முதியவர், கூடப் போய் மௌத்தானவர். பிள்ளை லீவுக்கு வந்து, ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், நம்மட உம்மாட வாப்பாவா இது என்று உம்மம்மாவிடம் கேட்டுவிட்டது.

நான் போய்ப் பார்த்தேன். ஹவ்வா உம்மா என்னை ஏசவில்லை, உன்னையும் ஏசவில்லை. தஸ்பீஹ் மணியை மடியில் போட்டுவிட்டு இருந்தாள். "நானா, சஹீதுட பெண்சாதியெண்டு இருந்தன். இனி நான் என்னெண்டு சொல்லி அந்த மனுசனுக்குத் துஆக் கேக்கிற?" என்றாள். எப்படிப் போனாலும் அல்லாஹ் மன்னிக்கிறவன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

நீ போனில் சொன்னதை நான் தள்ளிப் பேசவில்லை. பெயர் போடவில்லை என்றாய். உன்னை அறியாத இரண்டு பேருக்கு அந்தச் சஞ்சிகைக்காரர் கட்டுரையை அனுப்பி, அவர்கள் குறுக்குக் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பி, நீ திருத்திக் கொடுத்த பிறகுதான் அச்சில் வந்தது என்றாய். யுனிவர்சிட்டியில் ஒரு கமிட்டியும் அனுமதி தந்தது என்றாய். அவர்கள் எல்லோரும் நேர்மையான ஆட்களாகத்தான் இருப்பார்கள். ஆனால் மகள், அவர்கள் இருக்கிற ஊரில் விரலில்லாத கிழவன் யாரோ ஒருத்தன். மாம்புரியில் அது அத்தாஉல்லா. பெயரைத்தான் மறைத்தாய், ஆளை மறைக்கவில்லை. அந்த இரண்டு பேருக்கும் இது தெரிய வழியில்லை, உனக்குத் தெரியும். அத்தாஉல்லா சம்மதம் தந்தது உண்மை. அவனுடைய கையைப் பற்றிச் சொல்ல அவனுக்கு உரிமை இருந்தது, ஹயாத்துடைய மௌத்தைக் கொடுக்க இருக்கவில்லை.

திருத்தம் போட்டால் வேலை நிரந்தரமாகிற நேரத்தில் உன் பெயரில் கறை விழும் என்று அழுதாய். அதை நினைத்து எனக்கும் நித்திரையில்லை. நீ பட்ட பாடு எனக்குத் தெரியாதா? என்றாலும் வேறு யாரும் சொல்ல முன்னம் நீயே அந்தச் சஞ்சிகைக்கு எழுது. அந்தப் பகுதியை எடுக்கச் சொல், ஏன் என்றும் மறைக்காமல் சொல். கேட்ட கதை ஹவ்வா உம்மாவின் காதை விட்டுப் போகாது, அது எனக்கும் தெரியும். இனி வாசிக்கிறவர்களாவது வாசிக்காமல் இருக்கட்டும். வேலை போனால் வீட்டுக்கு வா, உன் அறை அப்படியே இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, பிள்ளைகளை ஓத வை. அல்லாஹ் உன் நெஞ்சுக்குத் தெம்பைத் தரட்டும், உன் கையால் ஒருவருக்கும் நோவு வராமல் காக்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே. யாரிடம் சம்மதம் கேட்டிருக்க வேண்டும் என்று சஞ்சிகைக்காரர் கட்டாயம் கேட்பார்கள். அர்கம் கொரோனா வருஷம் மௌத்தானான். அத்தாஉல்லா போன நோன்பில் மௌத்தானான். என்னிடம் கேட்டுப் பிரயோசனமில்லை, நான் குளிப்பாட்டினவன் மட்டும்தான். அந்த மௌத்துக்கு உரித்தான ஆட்களில் உயிரோடு இருப்பது ஹவ்வா உம்மா.

உன் வாப்பா